அமோகம் அத்தான்

என் அக்கா வீட்டுக்காரருக்கு விதைக் கம்பெனியில் வேலை. விதைக்கிறவரும் இல்லை, விற்கிறவரும் இல்லை. பாக்கெட்டில் படத்துக்குக் கீழே நாலு வரி ஆங்கிலம் இருக்கிறதே, அதை எழுதுகிறவர். இருபத்திரண்டு வருஷமாக அதுதான் பிழைப்பு. அதே கம்பெனியில் பாக்கெட் ஒட்டுகிற மேஜையில் நான் இருக்கிறேன். குடியிருப்பதும் அவர்களோடுதான். அதனால் மனுஷனிடமிருந்து எனக்கு எங்கேயும் தப்பிக்க வழியில்லை.

கம்பெனியில் அவருக்கு அமோகம் என்று பேர். குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கேட்டாலும் அமோகம், பஸ்ஸில் இடம் கிடைத்ததா என்றாலும் அமோகம். ஆனால் ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் ஆள் படு கறார். லஷ் என்றால் புல்லுக்கும் இலைக்கும்தான், பச்சைப்பசேல் என்று மண்டியிருக்க வேண்டும். பம்பர் என்பது விளைச்சலுக்கு மட்டும், செடியைப் போய் பம்பர் என்றால் சிரிப்பார்கள். ஓயாமல் காய்த்துத் தள்ளுவது ப்ரொலிஃபிக். கொத்துக் கொத்தாகப் பூத்தால் ப்ரொஃப்யூஸ், நமக்கு வேர்த்துக் கொட்டினாலும் அதே வார்த்தைதானாம். நாற்று தண்டு தடித்துத் திடமாக நின்றால் ரோபஸ்ட். ஒருமுறை புது மேனேஜர் லஷ் தக்காளி என்று அச்சுக்கு அனுப்பிவிட்டார். அத்தானுக்கு அன்று சோறு இறங்கவில்லை. இலையாக மண்டிக் கிடக்கும், காய் ஒன்றும் இருக்காது என்று நாமே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று புலம்பிக்கொண்டே அச்சகத்துக்கு ஓடினார். இந்தக் கதையெல்லாம் தினமும் கேட்பவள் அக்கா. அவளுக்கு ஆங்கிலம் வராது, ஆனால் இந்த வார்த்தைகள் மட்டும் அத்துப்படி.

போன வருஷம் அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தது. மூன்று தடவை மருந்து ஏற்றினார்கள். முடியெல்லாம் கொட்டியது, வாயில் எதை வைத்தாலும் குமட்டியது. மூன்றாவது தடவை முடிந்து ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி நன்றாகச் சுருங்கியிருந்தால் இதோடு நிறுத்திவிடலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் அக்கா அத்தான் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் படித்துவிட்டு, முன்னேற்றம் ரோபஸ்ட் என்று போட்டிருக்கிறது என்றார்.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. எதிர் வீட்டுக்காரியிடம் சொன்னாள், பால் ஊற்றுகிறவரிடம் சொன்னாள், ஆஸ்பத்திரி ஃபைலைத் தூக்கிப் பரணில் போட்டாள். நாலு நாள் கழித்து டாக்டரம்மா அதே ரிப்போர்ட்டைப் பார்த்து, பலன் சுமார்தான், இன்னும் நாலு தடவை மருந்து ஏற்றவேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள். "விதை பாக்கெட்டுக்கு எழுதுற மாதிரியே எனக்கும் எழுதிட்டீங்க, இல்ல? இனிமே எந்தப் பேப்பரையும் நீங்க படிச்சுச் சொல்ல வேணாம்."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அவள் அந்தப் பக்கம் போனதும் அத்தானைப் பிடித்துக்கொண்டேன். "பாக்கெட்டுல பொய் எழுதினா, வாங்கினவன் அடுத்த வருஷம் வேற கம்பெனிக்குப் போயிடுவான். இவ எங்க போவா அத்தான்?" அவர், ரிப்போர்ட்டில் மாடரேட், அதாவது சுமார் என்றுதான் போட்டிருந்ததாகவும், அவள் முகத்தைப் பார்த்தபோது அந்த வார்த்தை வாயிலேயே வரவில்லை என்றும் சொன்னார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அதற்கு மேல் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

அதன்பிறகு வந்த சீட்டுகளையெல்லாம் நான்தான் படித்தேன். படித்தேன் என்றால், எழுத்துக் கூட்டினேன். அர்த்தம் தெரியாமல் திருட்டுத்தனமாக அத்தானிடமே போய்க் கேட்டு வந்து சொல்வேன். அக்காவுக்கு அது தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் நான் சொன்னதை முழுசாக நம்பாமல் தலையாட்டுவாள். மாத்திரை சாப்பிடும்போதுகூட இது எதற்கு என்று கேட்பதை விட்டுவிட்டாள். பயத்தைவிட அந்த நம்பாமைதான் அவளை அரித்துத் தின்றது.

நாலு தடவையும் முடிந்து கடைசி ஸ்கேன் ரிப்போர்ட் ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தது. அத்தான் உறையைப் பிரிக்காமல் சாப்பாட்டு மேஜையில் என் பக்கமாக வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார். நான் எடுக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். எனக்கே அவள் காட்டாத தலை அது. அத்தான் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"இதுக்கு என்ன வார்த்தை, சொல்லுங்க."

இந்த மனுஷன் மறுபடியும் எதையாவது அள்ளி வீசிவிட்டால் தீர்ந்தது கதை. அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அச்சுக்குப் போகிற தாளைப் பார்ப்பதுபோல முன்பக்கம், காதோரம், பிடரி எல்லாம் பார்த்தார்.

"ஸ்பார்ஸ்" என்றார்.

அக்காவுக்கு இது தெரியாத வார்த்தை. இதை எந்த விதை பாக்கெட்டில் போடுவார்கள்? அப்படியென்றால் என்ன என்று கேட்டாள்.

"அங்கொண்ணும் இங்கொண்ணுமா, நெருக்கமே இல்லாம இருந்தா அப்படிச் சொல்லுவாங்க."

அக்கா தன் தலையைத் தானே தடவிப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு. உறையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "நீங்களே படிங்க."

அவர் படித்தார். வரிக்கு வரி நிறுத்தி, ஒன்றைக் கூட்டாமல் ஒன்றைக் குறைக்காமல் சொன்னார். கட்டி பழைய அளவில் கால்வாசிதான் இருக்கிறது. முழுசாகப் போகவில்லை, ஆபரேஷன் செய்துதான் எடுக்கவேண்டும். கடைசி வரிக்கு வந்ததும் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்.

"புதுசா எங்கயும் எதுவும் வளரலை."

"நீங்களா சேர்த்ததா?"

"இல்லம்மா. அப்படியேதான் போட்டிருக்கு."

அக்கா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்த வரியை மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள்.