திரளாக வாரீர்

ஞானதாசன் தாளைப் பார்த்து வாசிக்க, அப்பா நேசையன் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்தார். நாகர்கோவிலில் அந்தச் சிறிய அச்சகத்தில் முப்பது வருடமாக அவர்தான் எழுத்துக் கோப்பவர். கண் மங்கிவிட்டது. அதனால் சர்வே வேலை பார்க்கும் மகன் சனிக்கிழமை மத்தியானம் வந்து வாசித்துக் கொடுப்பான்.

“தமிழ்நாட்டோடு இணையும் நன்னாளில் பொதுமக்கள் திரளாக வாரீர்.”

அப்பாவின் கை நின்றது. “ஆரு எழுதினது?”

“கொட்டாரம் ஜெபதாஸ். முதலாளி ஏத்துக்கிட்ட வேலைப்பா.”

“இப்போ அவனுக்கு அந்தச் சொல்லு வேணுமோ!” சிரிக்கப் போனவரை இருமல் பிடித்தது.

இரண்டு வருடத்துக்கு முன், 1954-இல், இதே ஜெபதாஸ், தமிழ்நாட்டோடு இணைக்கக் கேட்டு நடக்கவிருந்த ஊர்வலத்துக்கு நோட்டீஸ் கொண்டுவந்தான். அப்பாவோடு ஒரே பெஞ்சில் படித்தவன். ‘கூட்டமாக வாரீர்’ என்று எழுதியிருந்தான்.

“கூட்டம் சண்ட பாக்கவும் கூடும்லே,” என்றார் அப்பா. “தயிரு கடையும்போ பாத்திருக்கியா? பொட்டு பொட்டா மெதக்குத வெண்ணெய் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே உருண்டையா வரும். அதுதான் திரளுகது. அதுலேருந்துதான் ஆளுகளுக்கும் அந்தச் சொல்லு வந்துது. வேதத்துல ‘திரளான ஜனங்கள்’னு வாசிக்கோம்லா? பொறவு பிரிக்க ஒக்காது.”

ஜெபதாஸ் அவர் முதுகில் அடித்தான். “போடுலே நேசையா, அதையே போடு!”

சரிபார்க்க முதலில் எடுக்கும் புரூப் தாளில், எழுதிக் கொடுத்தவர் ஒப்பு என்று கையெழுத்துப் போடாமல் அப்பா யாருக்கும் அச்சடித்ததில்லை. சிநேகிதனிடம் கேட்கக் கூச்சம். கேட்கவில்லை. அவன் எழுதிய தாளையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஊர்வலத்தில் தடியடி. பல பேருக்கு மண்டை உடைந்தது. போலீஸ் கேட்டபோது ஜெபதாஸ் அந்தத் தாளை எடுத்துக் காட்டினான்.

“நான் கூட்டம்னுதான் எழுதினேன். ஆளக் கிளப்பி விடுதாப்புல மாத்தினது இவன்.”

அப்பாவுக்கு நாலு மாதம் ஜெயில். ஜெபதாஸ் ஒருநாளும் வந்து பார்க்கவில்லை.

“நீங்க உள்ளதச் சொல்லலியா?” என்று ஞானதாசன் பிறகு கேட்டான்.

“சொன்னேன் மக்கா. அவன் எம் மொகத்தப் பாக்கல.”

ஜெயிலிலிருந்து அவரோடு வந்தது அந்த இருமல்.

இந்தச் சனிக்கிழமை அப்பா அந்தச் சொல்லை மாற்றாமல் கோத்து முடித்தார். புரூப் எடுத்தார். ‘திரளாக’ என்ற சொல்லுக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு இழுத்து, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“திங்களாழ்ச்ச நானே கொட்டாரம் போறேன். எம் மொகத்தப் பாத்து இந்தக் கோட்டுல ஒப்பு போடட்டும். பொறவு அடிச்சாப் போரும்.”

ஞாயிறு விடியும்போது இருமல் நின்றிருந்தது. மூச்சும்.

செவ்வாய்க்கிழமை ஜெபதாஸின் ஆள் நோட்டீஸ் கேட்டு அச்சகத்துக்கு வந்தான்.

“ஒப்பு வரல்ல,” என்றான் ஞானதாசன்.

சட்டை வீட்டில் ஆணியில் தொங்குகிறது. பையில் புரூப் இருக்கிறது. கோட்டின் மேல் ஒன்றும் இல்லை.