‘இருக்கிறம்’ என்று வாசித்தவர்

அந்த ஞாயிறு காலை மங்களா அக்கா வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். அங்கிருந்து இருவரும் சேர்ந்து வானொலிக்குக் கிளம்புவது, அக்கா பேச்சில் ‘வெளிக்கிடுவது’, வழக்கம். ரயில் கிளென் வேவர்லியை நெருங்கும்போது அவரது கணவர் சிவம் அண்ணை அழைத்து, அக்கா இறந்துவிட்டார் என்றார். கடைசி நிலையத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும், சன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தைப் பார்த்தபடி அப்படியே இருந்துவிட்டேன்.

இங்குள்ள புலம்பெயர் தமிழரின் சமூக வானொலிக்கு நான் செய்தி எழுதுவேன், அக்கா வாசிப்பார். நான் மதுரை, அவர் யாழ்ப்பாணம். அந்தக் குரலைப் பாதித் தூக்கத்தில் கேட்டுக் கிடந்த ஞாயிறுகள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

ஒரு குளிர்காலத்தில், விசாவுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த அகதிப் பெண்கள் சிலர் ஓர் அரசு அலுவலகத்தின் முன் கூடாரமிட்டு அமர்ந்தார்கள். ஆங்கிலச் செய்திகளில் அது ‘போக்குவரத்துக்கு இடையூறு’. முகநூலில் ‘புரட்சி வெடித்தது’. நான் நடுவாக ‘ஆர்ப்பாட்டம்’ என்று எழுதியிருந்தேன். அக்கா தாளைக் கீழே வைத்தார்.

“அங்க ஆர் ஆர்ப்பரிச்சது? போய்ப் பாத்தனீங்களே?”

மறுநாள் இருவரும் போனோம். பனிக்குள் கூடாரங்கள் மிதப்பதுபோல் தெரிந்தன. பேச்சரவம்கூட இல்லை. தேநீர் ஊற்றித் தந்த பெண்ணிடம், இதைச் செய்தியில் என்னவென்று சொல்லட்டும் என்று அக்கா கேட்டார். தெருவையே பார்த்தபடி அந்தப் பெண் சொன்னார்:

“இருக்கிறம் எண்டு சொல்லுங்கோ. இஞ்சதான் இருக்கிறம்.”

அக்கா அப்படியே வாசித்தார். போராட்டம் என்று சொல்லப் பயமா என்று சிலர் அழைத்தார்கள். பக்கம் சாய்கிறீர்கள் என்று வேறு சிலர். இனிச் செய்தி நிறுவனங்களின் சொற்களையே வாசிக்க வேண்டும் என்றது நிர்வாகக் குழு. அப்படியானால் நீங்களே வாசியுங்கள் என்று அக்கா எழுந்துவிட்டார். குளிர்காலம் முடியும்வரை செய்தியை வேறொருவர் வாசித்தார். அக்கா கூடாரத்தில் அந்தப் பெண்களோடு உட்கார்ந்திருந்தார். வசந்தத்தில் குழுவே அவரைத் திரும்ப அழைத்தது.

சிலருக்கு விசா வந்தது. சிலருக்கு இன்னும் வரவில்லை. வராதவர்களைச் செய்தியில் விடாமல் சேர்க்கச் சொல்வார். “நாங்கள் விட்டா, அது முடிஞ்ச கதையாப் போயிடும்” என்பார்.

அவரது மறைவுச் செய்தியை அடுத்த வாரம் நான் வாசிக்க வேண்டியிருந்தது. ‘ஊடகப் போராளி’ என்று முகநூல் ஏற்கெனவே எழுதிவிட்டது. எழுதுமுன் உரியவரிடம் கேட்பது: அக்காவிடமிருந்து எனக்குத் தங்கியது அதுதான். சிவம் அண்ணையை அழைத்து என்ன சொல்லட்டும் என்று கேட்டேன்.

“றேடியோவுக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நிண்டவ எண்டு சொல்லுங்கோ, தம்பி.”

அப்படியே வாசித்தேன்.