சித்தி உருவிப் போட்ட ஒயர்கள்

நடுவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சித்தி எங்கள் ரோபோ வண்டியிலிருந்து அத்தனை ஒயரையும் உருவி மேஜைமேல் போட்டாள். செங்கல்பட்டில் ஒரு கல்லூரி அரங்கம் அது. போட்டியில் எங்கள் முறை வந்து, வண்டியைத் தரையில் விடுவதுதான் பாக்கி.

சித்தி என்றால் அம்மாவின் கடைசித் தங்கை. என்னைவிட ஒரே வயது மூத்தவள். பாலிடெக்னிக்கில் இருவரும் ஒரே வகுப்பு. "சித்தி, ஸ்கேல் குடு" என்று நான் கேட்டால் பெஞ்சே சிரிக்கும், அவள் அசரமாட்டாள். இந்தப் போட்டிக்காக இரண்டு சக்கரமும் மோட்டாரும் வைத்த அடித்தட்டை வாங்கிவிட்டோம். அதை ஆட்டிவைக்கும் மைக்ரோகன்ட்ரோலர் போர்டும் வந்துவிட்டது. ஒயருக்கு மட்டும், மாதா கோயில் திருவிழாவில் மீந்த சீரியல் லைட் ஒயரைக் கேட்டு வாங்கி வந்தாள். எல்லாம் ஒரே பச்சை. அடையாளத்துக்கு நுனிகளில் நெயில் பாலிஷ் பூசினாள்: இடது மோட்டாருக்கு ரோஸ், வலதுக்கு ஊதா, பேட்டரிக்குச் சிவப்பு, எல்லாவற்றுக்கும் பொதுவான கிரவுண்டு இணைப்புக்கு வெறும் பச்சை. திருவிடந்தையில் எங்கள் வீட்டுச் சிமெண்ட் தரையில் வண்டி முதன்முதலாக நேராக ஓடியபோது நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பதறி ஓடி வந்தார்கள்.

அந்த வண்டியைத்தான், சித்தி ஒயரை உருவுவதற்குச் சற்று முன்பு, நடுவர் புரட்டிப் பார்த்தார். வேலை சுத்தம் என்று அவர் முகமே சொன்னது. பிறகு மைக்கைப் பிடித்தபடியே, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். என் அப்பா மாமல்லபுரத்தில் ஆட்டோ ஓட்டுகிறார் என்றேன். தன் அப்பா ஒரு விடுதியில் வாட்ச்மேன் என்றாள் சித்தி.

"அப்ப இத யாரும்மா பண்ணிக் குடுத்தது?"

அரங்கம் சிரித்தது. பாட்டன் பூட்டன் காலமெல்லாம் அடுத்தவர் வயலில் குனிந்த குடும்பம் எங்களுடையது. அது அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் கேள்வி சரியாக அந்த இடத்தில்தான் குத்தியது. இப்போது மறைமலை நகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைச் சரிபார்க்கிறேன். அங்கும் சிலர் அப்படிக் கேட்பதுண்டு. நான் சிரித்து மழுப்புவதில்லை. அந்தத் திமிர் சித்தியிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அது என்னைவிட்டுப் போகவேண்டும் என்று எனக்கு ஆசையும் இல்லை.

அன்றைக்கு அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் அவள் ஒயரை உருவினாள். பிறகு ஒவ்வொன்றாக, எது எங்கே எதற்கு என்று உரக்கச் சொல்லிக்கொண்டே செருகினாள். கடைசியில் பச்சை ஒயரை என்னிடம் நீட்டினாள்.

"இன்னாடி பாத்துகினு நிக்கிற? கிரவுண்ட நீ குத்து. இல்லன்னா நான் மட்டும் பண்ணேன்னு ஆயிடும்."

அது ஒன்று சேராவிட்டால் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது. வாங்கிச் செருகினேன்.

"சரி சரி, ஓட்டும்மா" என்றார் நடுவர்.

சித்தி சுவிட்சை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். "மைக்லதான சார் கேட்டீங்க? நாங்கதான் பண்ணோம்னு மைக்லயே சொல்லுங்க. அப்பறம் ஓட்டறோம்."

எங்களை வெளியே அனுப்ப அவருக்கு ஒரு வார்த்தை போதும். அவர் மைக்கைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, இவர்களே செய்ததுதான் என்று முனகினார்.

"பின்னாடி கேக்கல சார்" என்றாள் சித்தி.

இரண்டாம் முறை அவர் சொன்னது கடைசி வரிசை வரை கேட்டது. அதன்பிறகுதான் அவள் கையை எடுத்தாள்.