வீமன் காத்த வளவு

மரியநேசன் அண்ணை கெட்ட மனிதர் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு கோபத்தில் மறந்துவிடுவேன்.

முல்லைத்தீவுக் கரையில் எங்களுக்கு அடுத்த வீடும் வளவும் அவருடையவை. ஆறு வருடங்களுக்கு முன் அவருடைய புது வலையையும் படகு எஞ்சினையும் யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து ஊரில் எல்லோரும் அவருக்குக் கள்ளர்தான், நான் உட்பட.

அடுத்த மாதமே வீமனை நாய்க்குட்டியாகக் கொண்டுவந்தார். ஆள் முகம் காட்டாமல் பகலில் கட்டி வளர்த்தால் நல்ல காவல் நாயாகும் என்று எங்கள் பக்கத்தில் நம்புவார்கள். அண்ணை அதற்கும் ஒரு படி மேலே போனார். சமைக்கிற குசினிக்குப் பின்னால் தகரம் அடித்து மறைத்துக் கட்டினார். சோற்றைத் தன் கையால் மட்டும் வைத்தார். வேலிப் படலையில் யார் வந்து நின்றாலும் சூக்காட்டி அதை ஏவிவிட்டார்.

"கொஞ்சம் ஆக்களோட பழக விடுங்கோவன். அங்கால வீட்டு ரூபினியின்ர நாய் பூசை முடியுமட்டும் மாதா கோயிலில அவள் இருக்கிற வாங்குக்குக் கீழ படுத்திருக்கு," என்று அவர் மனைவி புனிதம் அக்கா கேட்டுப் பார்த்தார்.

"ஓம், அதுக்குக் கள்ளனும் ஒண்டுதான், சுவாமியாரும் ஒண்டுதான்."

அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. கதைக்க ஆள் கிடைத்தால் அவருக்குச் சாப்பாடே தேவையில்லை. தேத்தண்ணி வைத்தால் வரப்போகிறவருக்கும் சேர்த்துத்தான் வைப்பார். வீமன் வளர வளர, வருகிறவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி போட வந்தவர்களும் ரோட்டோடு திரும்பினார்கள். ஒக்ரோபரில் மாதா சுரூபம் வீடு வீடாக வரும். ஒரு வருடம் வீமன் கட்டை அறுத்துக்கொண்டு வந்து, சுரூபம் தூக்கிய வின்சனின் காலைக் கடித்தது. அடுத்த வருடம் அந்த வீட்டைத் தாண்டிச் சுரூபம் எங்கள் வீட்டுக்கு வந்தது. அக்கா ரோட்டில் நின்று செபமாலை சொன்னார்.

"என்ர வளவுக்குள்ள ஒரு குருவி வராது," என்று அண்ணை பெருமைப்பட்டார்.

போன மாசி மாதம், ஒரு காலை ஆறரை மணி. ஆண்கள் எல்லோரும் கடலில். அண்ணை கடலுக்குப் போகும்போது வீமனை அவிழ்த்துவிட்டுப் போவார். வேலிக்கு மேலால் தற்செயலாகப் பார்த்தேன். புனிதம் அக்கா கிணற்றடியில் விழுந்து கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. சத்தம் வரவில்லை.

படலையில் கை வைத்தேன். வீமன் பாய்ந்து வந்தது. மீன் எறிந்தோம், பிறர் கொடுத்ததை அது முகர்ந்தும் பார்க்காது. தடியோடு போன முன்வீட்டு டிலுசாவின் கையைக் கவ்வியது. ஆம்புலன்ஸில் வந்த இருவரும் ரோட்டில் நின்றார்கள். அது போய் அக்காவின் முகத்தை நக்கும், திரும்பவும் படலைக்கு ஓடி வரும். அண்ணையின் ஃபோன் எடுபடவில்லை. ஒன்பதரைக்குப் படகுகள் கரைக்கு வந்தன. அண்ணை ஓடிவந்து "வீமா" என்றார். அது வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

"நேரத்தோட கொண்டுவந்திருக்கலாமே," என்றார் டொக்டர்.

அக்கா பிழைத்துவிட்டார். வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. வீமனைப் பூநகரியில் மீன் சேர்க்கும் வாடி வைத்திருக்கும் ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இப்படி ஒரு காவல் நாய் கிடைக்காதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போது படலை பகல் முழுக்கத் திறந்து கிடக்கிறது. அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வருகிறவர்கள் இருக்க அண்ணை இரண்டு கதிரைகள் போட்டிருக்கிறார். யாரும் போவதில்லை. அந்த வளவுக்குள் போகிற பழக்கம் எங்கள் கால்களுக்கு விட்டுப்போய்விட்டது. எனக்கு வெட்கமும்தான். மூன்று மணித்தியாலம் வேலிக்கு வெளியே நின்றவள் எந்த முகத்தோடு போய் இருப்பது?

நேற்று மீன்குழம்பு கொண்டுபோனேன். ரோட்டில் நின்றபடியே கூப்பிட்டேன். அண்ணை வந்து சட்டியை வாங்கினார்.

"உள்ள வா பிள்ளை. நாய் இல்லை. அவா ஆளைத் தேடுறா."

"அடுப்பில சோறு கிடக்கு அண்ணை, பிறகு வாறன்," என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.