லாம்பெர்ட் வளைவு

இந்தப் பனிச்சறுக்குப் பந்தயச் சரிவில் யாராவது மோசமாக விழுந்தால், விழுந்த இடத்துக்கு அவர் பெயரையே வைத்துவிடுவார்கள். வால்புர்காவின் கணவர் லாம்பெர்ட் அப்படித்தான் ஒரு வளைவாகிப் போனார். வீரர்களுக்கு முன்னால் சறுக்கி இறங்கி, பாதையைச் சோதிக்கும் முன்னோடி அவர். அன்று ஓரத்துப் பாதுகாப்பு வலை திறந்து கிடந்தது. நேரே காட்டுக்குள் பாய்ந்தவர் உயிரோடு வரவில்லை.

கோடையில் வால்புர்காவுக்குப் பால் பண்ணையில் வேலை. குளிர்காலத்தில் அதே வளைவில் காவல். வேறு இடம் தருகிறோம் என்றார்கள், மாட்டேன் என்றுவிட்டாள். உச்சியிலிருந்து வாக்கி டாக்கியில் ஒவ்வொரு இடத்தையும் பெயர் சொல்லி அழைப்பார்கள். அங்கே நிற்பவர், பாதை சரியாக இருந்தால், அந்தப் பெயரிலேயே பதில் சொல்ல வேண்டும். "லாம்பெர்ட், அனுப்பலாம்." முதல் வருடம் அதைச் சொல்ல அவள் இரண்டு மூன்று முறை பொத்தானை அழுத்த வேண்டியிருந்தது. பிறகு வாய் தானாகச் சொல்லப் பழகியது.

இந்த வருட உலகப் போட்டி நாளில் மலையை மூடுபனி அப்பிக்கொண்டது. வலை இருக்கும் பக்கம் வெறும் வெள்ளை. முதல் முன்னோடியாக உச்சியில் நின்றது அவள் மகள் ஃபிலோமெனா.

"அம்மா, சீக்கிரம் சொல்லும்மா. காலு மரத்துப் போச்சு."

"பொறுடி. உங்கம்மா இன்னும் சூப்பு குடிச்சு முடிக்கல." இது கஸ்சியான். லாம்பெர்ட்டின் தம்பி, உச்சியில் ஆளை விடுபவன். "சரி அண்ணி, கேக்கறேன். லாம்பெர்ட்?"

வால்புர்கா பொத்தானில் விரலை வைத்தாள். இன்னும் அழுத்தவில்லை.

"லாம்பெர்ட். அனுப்பாதே," என்றது வாக்கி டாக்கியில் ஓர் ஆண் குரல்.



"அண்ணி?" கஸ்சியானின் குரல் இறங்கியிருந்தது. "தொண்டை கட்டியிருக்கா உங்களுக்கு?"

"ஆமா," என்றாள் அவள். வேறு என்ன சொல்வது? அந்த வளைவில் அவளைத் தவிர ஆள் இல்லை. "இரு, பாத்துட்டு வரேன்."

மூடுபனிக்குள் கையை நீட்டிக்கொண்டே வலையைத் தேடிப் போனாள். கை எதிலும் படவில்லை. அப்போதுதான் நினைவு வந்தது. முந்தைய மாலை, பனியைச் சமன்படுத்தும் வண்டி வெளியே போவதற்காக வலையின் கொக்கிகளை அவளேதான் கழற்றி ஓரமாகத் தள்ளினாள். திரும்ப மாட்டவில்லை.

வலையை இழுத்து மாட்டினாள். ஒவ்வொரு கொக்கியையும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். பிறகுதான் பொத்தானை அழுத்தினாள்.

"லாம்பெர்ட், அனுப்பலாம்."

உறைபனியைக் கீறும் சத்தம் மேலிருந்து நெருங்கியது. சிவப்பாக ஒன்று மின்னி மறைந்தது. மகள்தான். வலையைத் தொடாமல் வளைவைக் கடந்துவிட்டாள். வால்புர்கா மூச்சு விட்டாள்.

மேலே மறுபடியும் கீறும் சத்தம். அதே வேகத்தில் வந்து, அவள் முன்னால் திரும்பி, மகள் போன வழியிலேயே இறங்கியது. முகத்தில் பனித்தூள் தெறித்தது. கண்ணுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

"ஃபிலோமெனா வந்து சேந்துட்டா," என்றான் அடிவாரத்தில் நிற்கும் ஹார்ட்மன். "ஏன் கஸ்சியான், பின்னாடியே யாரை விட்டே? சத்தம் வருது, ஆளைக் காணோம்?"

"நான் யாரையும் விடலையே. அண்ணி, அங்க யாராவது இருக்காங்களா?"

வால்புர்கா கன்னத்துப் பனித்தூளைத் துடைக்கவில்லை.

"லாம்பெர்ட்," என்றாள்.