கால் முதலில் பிறந்தவள்

நான் கால் முதலில் வந்து பிறந்தவள். பிரசவத்தில் அம்மாவைப் படாதபாடு படுத்திய அந்தக் கால்களுக்குப் பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் தெருவில் தனி மரியாதை இருந்தது. இப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவிவிட்டால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்று நம்பினார்கள். மூட்டை தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டவர்கள் எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து குப்புறப் படுப்பார்கள். நான் காலைக் கழுவிக்கொண்டு போய் நீவிவிட்டு, தேன்மிட்டாய் வாங்கிக்கொள்வேன். தலை முதலில் பிறந்த அண்ணனுக்கு அதில் பங்கு கிடையாது.

அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தைக்கும் இடுப்பு வலி வந்தது. அவளுடையது வெறும் பிடிப்பு இல்லை. ஓடும் கொட்டையும் நீங்கப் புளி தட்டுகிற வேலை அவளுக்கு. காலை மடக்கித் தரையில் உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துதான் எழுவாள். போகப்போக வலது காலை இழுத்து இழுத்து நடந்தாள். அப்பா தங்கையைத் தர்மபுரிக்கு அழைத்துப்போய் டாக்டரிடம் காட்டினார். இடுப்பு மூட்டு தேயத் தொடங்கியிருக்கிறது, இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்றார் அவர். ஆனால் தரையில் உட்காரக் கூடாது, இடது கையில் கோல் ஊன்றி நடக்க வேண்டும், தினமும் படுத்தபடி சில பயிற்சிகள் செய்ய வேண்டும், அவற்றைப் பழக வாராவாரம் வர வேண்டும்.

மாமனாரும் புளி வியாபாரிகளும் வந்துபோகிற வீட்டில் மருமகள் பட்டப்பகலில் மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கி இறக்க முடியுமா? இருந்த ஒரே நாற்காலி மாமனாருடையது. அந்தச் சின்ன வயதில் அத்தை கோல் ஊன்றினால் ஊர் சிரிக்கும். அதனால் அத்தை என்னிடம் வந்தாள்.

சாயங்காலம் வந்து பாயில் குப்புறப் படுப்பாள். நான் நீவ ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்துவிடும். எழுந்ததும் வலி தேவலை என்பாள். எனக்குப் பெருமை பிடிபடாது. பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மறுபடி தர்மபுரிக்கு எப்போது போவது என்று அப்பா கேட்டபோது மாமா சிரித்தார். "பாப்பா காலு பட்டாலே வலி போயிடுதுங்க மச்சான். இதுக்குப் போயி எதுக்கு வாராவாரம் பஸ் ஏறணும்?"

அப்பா அத்தையைப் பார்த்தார். அத்தை என்னைப் பார்த்தாள். நான் ஈரக் காலோடு தயாராக நின்றுகொண்டிருந்தேன்.

"ஆமாண்ணா, பாப்பா நீவுனாப் போதும்" என்றாள்.

வைத்தியம் அன்றோடு நின்றது. அத்தை இப்போது வாக்கர் இல்லாமல் வாசலுக்குக்கூட வருவதில்லை. இனி ஆபரேஷனைத் தவிர வழியில்லை என்கிறார்கள். அவள் பயந்துகொண்டு நாளைக் கடத்துகிறாள். அன்று யாராவது அவளுக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கலாம். அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதே இல்லை.

அந்த நாட்களில் ஒருநாள் நீவி முடித்துக் காலை எடுத்தேன். உள்ளேயிருந்து அம்மா, முடிந்ததா என்று கேட்டாள். அத்தை கண்ணைத் திறக்காமலே மெதுவாகச் சொன்னாள்.

"முடிஞ்சுதுன்னு சொல்லாத கண்ணு. இன்னுங் கொஞ்சம் காலை மேலயே வச்சிரு."

வலி இன்னும் போகவில்லையாக்கும் என்று நினைத்து நான் அழுத்தி நீவினேன். என் கால் மேலே இருக்கும்வரைதான் அவளை யாரும் வேலைக்கு எழுப்பமாட்டார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.