கொப்பளிக்காத காலை

இரண்டு வேளையும் ஒழுங்காகப் பல் விளக்கும் எனக்கு மூன்று சூத்தைப் பற்கள். நேற்று வெள்ளவத்தையில் பல் டொக்டரிடம் கோபத்தோடுதான் போனேன்.

"ஃபுளோரைட் பேஸ்ட்தானே பாவிக்கிறீங்கள்?" என்று கேட்டார் டொக்டர் அம்மா.

"ஓம்."

"விளக்கின பிறகு?"

"நல்லாக் கொப்புளிப்பன். ஆறேழு தரம்." பெருமையாகத்தான் சொன்னேன். தொண்டை அதிரக் கொப்பளிக்காதவன் எங்கள் வீட்டில் பல் விளக்கியவனே இல்லை.

டொக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்கள் தின்னுற இனிப்பை வாயில இருக்கிற கிருமி அமிலமாக்கும். அது எனாமலைக் கரைக்கும். கரைஞ்ச இடத்தைத் திரும்ப இறுக்கிறதுக்கு ஃபுளோரைட் கொஞ்சநேரம் பல்லில நிக்க வேணும். நீங்கள் அதைக் கழுவி ஊத்துறீங்கள். உங்கட பேசின் பைப்புக்கு ஆயுசுக்கும் சூத்தை வராது! இனி நுரையைத் துப்புங்கோ, அவ்வளவுதான்."

இன்று காலை துப்பினேன். வாயெல்லாம் புதினா. தண்ணீரைத் தொடவில்லை. சத்தமும் இல்லை.

எட்டு மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். கீழ்வீட்டுக் குமார், சேட்டுப் பொத்தான்கூடப் பூட்டாமல் நின்றார்.

"என்ன அண்ணை, சுகமில்லையோ? நீங்கள் கொப்புளிக்கிற சத்தத்துக்குத்தான் நான் எழும்புறனான். இண்டைக்கு ஒஃபிஸ் பஸ்ஸை விட்டிட்டன்!"

என் எனாமலையும் காக்க வேண்டும், குமாரின் வேலையையும் காக்க வேண்டும். வாயில் தண்ணீர் எடுக்காமல் அந்தச் சத்தத்தை எழுப்பத் தெரிந்தவர்கள் கொமெண்டில் சொல்லுங்கள். நாளை காலை ஐந்தரைக்குள் தேவை.